கேள்வி முடியும் முன்பே

ஜனவரி 22

இட்லி மாவு பொங்கி அடுக்களைத் தரை முழுக்க வழிந்திருந்தது. துடைத்து முடிப்பதற்குள் சுபியின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். தலைமை ஆசிரியை வரச் சொன்னார்களாம்.

சுபிக்ஷா நான்காம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு ஒரே பிள்ளை. இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் என்னிடம்தான் டியூஷன் படிக்கின்றன, ஒன்றுகூட இதுவரை பெயில் ஆனதில்லை. அப்படிப்பட்ட என்னைத் தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே மர பெஞ்சில் காக்க வைத்துவிட்டார்கள்.

"நீங்களும் பாடம் எடுக்கிறவங்க, உங்களுக்கு நான் வெளக்கணுமா?" என்றார் தலைமை ஆசிரியை. "மூணாம் வகுப்பு வரைக்கும் எப்படியோ வந்துட்டா. இனிமே முடியாது. அவ வகுப்பு மெர்சி டீச்சரும் பாவம், மத்த பிள்ளைகளையும் பாக்கணும்லா. ஒரு மனு எழுதிக் குடுங்க. பிள்ளைய முறைப்படி சோதிச்சுப் பாக்கட்டும். சான்றிதழ் வந்துட்டா தனி டீச்சர் வந்து சொல்லிக் குடுப்பாங்க, பரீட்சையில சலுகை உண்டு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இல்லைன்னா அஞ்சாம் வகுப்புல அவளும் மத்தவங்க மாதிரிதான்."

மத்தவங்க மாதிரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் கையில் எப்போதும் அடிஸ்கேல் இருக்கும். பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. மனு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 23

மனு எழுத உட்கார்ந்தேன். 'என் மகளுக்குக் கற்றலில் சிரமம் உள்ளதால்' என்று எழுதினேன். கிழித்துவிட்டு, 'சிரமம் இருப்பதாகப் பள்ளி கருதுவதால்' என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது.

ஜனவரி 24

தாய், தகப்பன் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். இவர் பேனாவைத் தொடவே இல்லை.

"ஏட்டி கோமு, எம்பிள்ளைக்கு என்ன கொறைச்சல்? நானும் ஒம்பதாப்பு பெயிலுதான். இன்னைக்கு துறைமுக யார்டுல நாலு பேரு எனக்குக் கீழ நிக்கான். நீ போயி மூளை சரியில்லைன்னு சீட்டு வாங்கப் போறியோ? நாளைக்கு எவன் கட்டுவான் இவள?"

பிள்ளைக்கு ஒன்பது வயது. அதற்குள் மாப்பிள்ளை பார்க்கிறார்.

பிப்ரவரி 2

கடைக்கு அரைமுறித் தேங்காய் வாங்கி வர சுபியை அனுப்பினேன். தெருமுனைக் கடைதான். வெகு நேரமாகியும் காணோம். யார்டிலிருந்து திரும்பிய இவர், கடை வாசலில் அவள் நிற்பதைப் பார்த்துக் கூட்டி வந்தார். என்ன வாங்க வந்தோம் என்பது மறந்துவிட்டதாம். திரும்பி வரவும் தோன்றவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். கடைக்காரர் கேட்டதற்கெல்லாம் சிரித்தாளாம்.

இவர் சாப்பிடாமலேயே எழுந்து போய் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 9

வட்டார வள மையத்திலிருந்து பாக்கியவதி மேடம் வந்தார். சிறப்பாசிரியை. என்னைவிடச் சின்னப் பெண், ஸ்கூட்டரில் வருகிறார், சத்தமாகச் சிரிக்கிறார். டியூஷன் நேரத்தில் வந்துவிட்டார். அந்த நேரத்தில் சுபி அடுக்களையில்தான் இருப்பாள், கதவைச் சாத்தி வைத்திருப்பேன். அங்கே காற்று நன்றாக வரும்.

பாக்கியவதி கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டார். சுபி நேராக வாசலுக்குப் போய்ப் பிள்ளைகளின் செருப்புகளை ஜோடி ஜோடியாக வைக்க ஆரம்பித்துவிட்டாள். எந்தச் செருப்பு யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இன்னைக்கு ஆல்பர்ட் வரல" என்றாள். ஆமாம், வரவில்லை. பாக்கியவதி அதை எழுதிக்கொண்டார். செருப்பு அடுக்குவதை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"தெரியாதது மட்டும் போதாது, அவளுக்குத் தெரிஞ்சதும் வேணும்லா டீச்சர்" என்றார்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "மார்ச்சுல பெரியாஸ்பத்திரியில சான்றிதழ் முகாம் வரும். அதுவரைக்கும் அவளுக்கு எதையும் சொல்லிக் குடுக்காதீங்க. அவ எப்படி இருக்காளோ அப்படியே வரட்டும். தெரியலைன்னா தெரியலைன்னே இருக்கட்டும்."

வாத்தியார் வேலை செய்கிறவளைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்காதே என்கிறார். நல்ல கதை.

பிப்ரவரி 13

ஜெயராணி அக்காவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். அவள் மகனுக்குப் போன வருடம் இதே முகாமில் சான்றிதழ் கிடைத்தது. சும்மா பேச்சுக் கொடுத்தேன். என்னென்ன கேட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் அவனிடம் கேட்டார்களாம்.

"எம்மவன் ஒண்ணுக்கும் பதில் சொல்லல கோமதி. எனக்கு மானம் போச்சு" என்றாள். சொல்லிவிட்டு முருங்கைக்காயை முறித்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும்வரை அந்தக் கேள்விகள் மனதில் ஓடிக்கொண்டே இருந்தன. கஷ்டமான கேள்விகளே இல்லை.

பிப்ரவரி 14

புதிய இடம், புதிய ஆட்கள். சுபி மிரண்டுவிடுவாள். பயம் தெளிவதற்காக மட்டும் ஒன்றிரண்டு கேள்வி கேட்டுப் பழக்கலாம் என்று நினைக்கிறேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15

வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். சிரித்தாள். ஏழு என்று சொல்லிக் கொடுத்தேன். திரும்பக் கேட்டேன். சிரித்தாள்.

பிப்ரவரி 18

ஏழு என்கிறாள்.

பிப்ரவரி 20

ஃபேன்சி ஸ்டோரில் மரப் பலகை ஒன்று கிடைத்தது. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று கட்டைகளை எடுத்து அந்தந்தக் குழியில் பொருத்துவது. ஜெயராணி அக்கா சொன்னது இதுபோலத்தான். விளையாட்டுச் சாமான்தானே.

இன்று மூன்று கேள்வி ஆகிவிட்டது. கையில் வெட்டுப்பட்டால் என்ன செய்வாய்? தண்ணி ஊத்திக் கழுவிட்டு மருந்து போடுவேன். மாம்பழமும் வாழைப்பழமும் எதில் ஒன்று? ரெண்டும் பழம். பதிலைச் சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையாட்டினால் கைதட்டுகிறாள். அவளே அவளுக்குக் கைதட்டிக்கொள்கிறாள். இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்து எவ்வளவு நாளாயிற்று.

பிப்ரவரி 25

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. நட்சத்திரக் கட்டை அவளுக்கு வரவே மாட்டேன் என்கிறது. கையில் பட்டென்று ஒன்று வைத்தேன். அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அதன்பிறகு சரியாக வைத்தாள்.

மார்ச் 3

பாக்கியவதி போன் செய்து முகாமின் தேதியைச் சொன்னார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நல்லா இருக்கா மேடம் என்றேன். வேறு என்ன சொல்ல.

மார்ச் 6

முகாமிலிருந்து வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கப் பிள்ளைகள். தோளில் சாய்ந்து எச்சில் ஒழுகும் பெரிய பையனை ஒரு தாய் மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சிறுமி சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்தாள். என் சுபி எண்ணெய் வைத்துச் சடை பின்னி, மல்லிகை வைத்து, பள்ளிக்கூடச் சீருடையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள், "ஒங்க பிள்ளைக்கு என்ன? நல்லாத்தான இருக்கு" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் பிடித்திருந்தது.

உள்ளே ஒரு இளம் டாக்டரம்மா. மதியச் சாப்பாடு மேஜை ஓரத்தில் பிரிக்காமல் இருந்தது. என்னைப் பின்னால் நாற்காலியில் உட்காரச் சொன்னார். சுபி போனதும் கைகூப்பி, "வணக்கம் டாக்டர்" என்றாள். அதுவும் சொல்லிக் கொடுத்ததுதான்.

"வாரத்துக்கு எத்..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"ஏழு."

"கையில..."

"தண்ணி ஊத்திக் கழுவிட்டு மருந்து போடுவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அடுத்ததைக் கேட்டார். ஜெயராணி அக்கா சொன்ன அதே கேள்விகள், அதே வரிசை. பலகையைக் கொடுத்ததும் சுபியின் கை தானாக ஓடியது. நட்சத்திரம் முதல் தடவையே பொருந்தியது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். சொல்லிக் கொடுக்காத கேள்வி நடுநடுவே வந்தபோது சும்மா இருந்தாள். பயந்துவிட்டாள் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும், அடுத்ததற்குப் போய்விட்டார். வெளியே வரிசை வாசல்வரை நின்றது.

முடிந்ததும் என்னிடம் கேட்டார். "வீட்டுல ஏதாவது பழக்கினீங்களாம்மா?"

"இல்ல மேடம். அவளா சொல்லுததுதான்" என்றேன்.

அந்த வார்த்தை வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. டாக்டர் முன்னால் என் பிள்ளை கெட்டிக்காரியாக இருந்த நேரம் அது. அதை நானே எப்படிக் கெடுப்பேன்?

வெளியே வந்ததும் சுபி கேட்டாள். "எம்மா, பாஸா?"

பாஸ் என்றேன். வராந்தா முழுக்கக் கைதட்டிக்கொண்டே வந்தாள்.

மார்ச் 19

முடிவு வந்துவிட்டது. அறிவுத்திறன் சராசரிக்குச் சற்றுக் கீழே, குறைபாடு என்று சொல்வதற்கில்லை, சான்றிதழுக்குத் தகுதியில்லை.

பாக்கியவதி நேரில் வந்து சொன்னார். சிரிக்கவில்லை. "நான் பாத்த பிள்ளை வேற, இதுல இருக்கிற பிள்ளை வேற" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி போட்டுத் தருகிறேன் என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அவர் போய்விட்டிருந்தார்.

இவர் தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். "கவர்மென்டே சொல்லிட்டான், எம்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு." இவர் இப்படிச் சிரித்துப் பார்த்து வருடக் கணக்காகிறது. நானும் ஒரு லட்டு தின்றேன்.

மார்ச் 24

திருச்செந்தூர் போய் வந்தோம். முடிவு நல்லபடியாக வந்தால் பிள்ளைக்கு மொட்டை போடுவதாக இவர் யாருக்கும் சொல்லாமல் நேர்ந்திருந்தாராம். சுபி கத்தி தலையில் பட்டதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்புவரை இருந்த முடி. சந்தனம் தடவிய தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே கடலைப் பார்த்தாள். இவர் கண்ணை மூடி வெகு நேரம் கும்பிட்டார்.

நான் என்ன கும்பிடுவது? கும்பிட்டது கிடைத்தவர் அவர்.

ஏப்ரல் 11

டியூஷனில் புதிதாக மூன்று பிள்ளைகள். மிளகாய்வற்றல் காயப் போட்டேன்.

ஜூன் 13

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு. 'ஒரு பிரச்சினையும் இல்லாத பிள்ளை' என்று தலைமை ஆசிரியையே வாத்தியாரிடம் சொல்லி உட்கார வைத்தாராம்.

ஜூன் 18

சுபியின் கெண்டைக்காலில் கோடு. அடிஸ்கேல்.

போய்க் கேட்டேன். வாத்தியார் மரியாதையாகத்தான் பேசினார். "போன வருசம்னா பாவம்னு விட்டிருப்போம் டீச்சர். இப்ப டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாரு. அப்ப என்ன அர்த்தம்? கொழுப்பு. நீங்களும் வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

அந்த மனுவை எழுதாமலே இருந்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பார்கள். இரக்கம் என்று ஒன்று அவளுக்கு மிச்சம் இருந்தது. அதையும் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 21

பாயில் ஒன்றுக்குப் போய்விட்டாள். மூன்று வயதில் நிறுத்திய பழக்கம். பாயைக் கழுவிக் காயப் போட்டேன். "நான் கொழுப்பெடுத்தவம்மா" என்றாள். அர்த்தம் தெரியாமல் சொல்கிறாள். தெரியாமலேயே இருக்கட்டும்.

ஜூன் 25

இவரிடம் சொல்லிவிட்டேன். பிப்ரவரியிலிருந்து நடந்ததை எல்லாம். பலகையையும் எடுத்துக் காட்டினேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப என் வேண்டுதல்?" என்று கேட்டார்.

அப்புறம் பிள்ளையின் தலையில் முளைத்திருந்த குட்டை முடியை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலைக்குப் போனார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூன் 26

பாக்கியவதியிடம் போனில் சொன்னேன். "எவ்வளவு சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"கொஞ்சந்தான்" என்றேன்.

ஜூலை 4

பாக்கியவதி கூடவே வந்தார். அதே ஆஸ்பத்திரி, அதே அறை, அதே டாக்டரம்மா. கூட்டம் இல்லை இன்று.

நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். அன்றைக்குக் கேட்டபோது பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். "அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சும்மா. வெளிய அத்தனை பேரு நின்னாங்க, நான்தான் விட்டுட்டேன்" என்றார். "ஆனா பதிவானத என்னால மாத்த முடியாது. ஒரு வருசம் ஆகணும். அதுக்குள்ள திரும்பச் சோதிச்சா செல்லாது."

"அதுவரைக்கும் அவ அங்க அடிவாங்கணுமா மேடம்?"

டாக்டர் பாக்கியவதியைப் பார்த்தார். பாக்கியவதி என்னைப் பார்க்கவில்லை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு, சும்மாவாவது ஒரு தடவை பேசிப் பாருங்கள், பள்ளிக்கூடத்துக்கு உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை.

"சும்மா பேசிப் பாக்குதேன். பள்ளிக்கூடத்துல சொல்லவும் செய்யுதேன். கேக்குததும் கேக்காததும் அவங்க இஷ்டம்" என்றார். "நீங்க வெளிய இருங்கம்மா. அவ ஒங்க முகத்தையே பாக்கா."

கதவை முழுவதும் சாத்தவில்லை. நான் சுவர் ஓரமாக நின்றேன். சுபி உள்ளே போனாள். "வணக்கம் டாக்டர்" என்றது கேட்டது.

"வா கண்ணு. எதுல வந்தே, பஸ்லயா?"

"ஏழு" என்றாள் சுபி.

டாக்டர் அடுத்ததைக் கேட்டார். "பள்ளிக்கூடத்துல ஒனக்கு யாரைப் பிடிக்கும்?"

"தண்ணி ஊத்திக் கழுவிட்டு மருந்து போடுவேன்."

"சடை எங்க போச்சு கண்ணு?"

"ரெண்டும் பழம்."

ஒவ்வொன்றையும் கணீரென்று சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்த அதே வரிசை, அதே ஏற்ற இறக்கம். ஒரு சொல் பிசகவில்லை. பாக்கியவதி என் தோளில் கை வைத்தார். எனக்கு அந்தக் கை வேண்டாம் போல இருந்தது, தட்டிவிடவும் முடியவில்லை. டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. கேள்வி நின்ற பிறகும் சுபி நிறுத்தவில்லை. கடைசிப் பதில்வரை தானே சொல்லி முடித்துவிட்டு, கைதட்டினாள்.

டாக்டர் வெளியே வந்தார். "அடுத்த மார்ச்சுக்குள்ள இதெல்லாம் அவ மறக்கணும். இல்லைன்னா அப்பவும் இதையேதான் சொல்லுவா" என்றார்.

"எப்படி மேடம் மறக்க வைக்க?" என்று கேட்டேன்.

நோட்டில் பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சுபியை அங்கே உட்கார வைத்தேன். உப்பளத்தைத் தாண்டும்போது அவள் முதலிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தாள். ஏழு. தண்ணி ஊத்தி. ரெண்டும் பழம். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்திருப்பார். போதும் சுபி, இனிமேல் அதைச் சொல்ல வேண்டாம், நிறுத்து என்றேன்.

உடனே நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நிறுத்துனா பெயிலாம்மா?" என்று கேட்டாள்.